அலமாரிக்கு அளவு தருபவர் யார்?

ஒரு குடும்பத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் வாசலைப் பார்ப்பர். அதன் ஒழுங்கை அறிய விரும்புவோர் உள்ளே சென்று, அரிசியும் ஆடையும் பாத்திரமும் பத்திரமும் எங்கே எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்த்தல் வேண்டும். வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் கைக்கெட்டும் வீட்டில் வேலை எளிதாகும், சொல்லும் இனிதாகும். தேடித் தேடிச் சலிக்கும் வீட்டில் சிறு காரியமும் பெருஞ்சுமையாய் முடியும்.

தேரும் வாகனமும் கோபுரவாயிற் கதவும் செய்த தச்சர் பெருமை இத்தாளில் அடிக்கடி பேசப்படுவதுண்டு. அது தக்கதே. ஆயினும் நம் தச்சருட் பெரும்பாலோர்க்கு ஆண்டு முழுதும் சோறிட்டவை கட்டிலும் பெட்டியும் கதவும் அலமாரியுமே ஆகும். அவ்வெளிய பொருள்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை ஆராயுமிடத்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகின்றது. பொருள் வைக்கும் இடத்துக்கு அளவு தருபவர் யார்? செய்பவரா, பணம் கொடுப்பவரா, அன்றி நாள்தோறும் அதனைத் திறந்து மூடுபவரா? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டியும் இழுப்பறையும்

மரத்தாலாகிய வைப்பிடங்களுள் மிகத் தொன்மையானது பெட்டி. எகிப்து தேசத்தில் 1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் என்பவர் கண்டறிந்த துட்டங்காமன் அரசனது கல்லறையில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரப்பெட்டிகள் பல கிடைத்தன. ஆடைக்கு, அணிக்கு, வில்லுக்கு எனப் பொருளுக்கேற்ற வடிவில் அவை செய்யப்பட்டிருந்தன. இத்தாலியில் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையினால் மூடுண்ட ஹெர்க்குலேனியம் நகரிலோ, கரியாகிப்போன மரச் சாமான்களிடையே கதவுடன் கூடிய அலமாரிகளும் அகப்பட்டன. ஆகவே பெட்டியும் அலமாரியும் இரண்டுமே முற்காலத்தார் அறிந்தவையாம்.

எனினும் ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகள் பெட்டியே வீட்டுச் சாமான்களுள் முதன்மை பெற்றிருந்தது. அதனைத் தூக்கிச் செல்லலாம், பூட்டலாம், அதன்மேல் அமரலாம். ஆனால் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. அடியிற் கிடக்கும் பொருள் வேண்டுமாயின் மேலுள்ளவை அனைத்தையும் எடுத்து வெளியே வைத்தல் வேண்டும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுத் தச்சர் பெட்டியின் அடிப்பாகத்தில் ஓரிரண்டு இழுப்பறைகளைப் பொருத்தலாயினர். பின்னர் இழுப்பறைகள் மேன்மேலும் பெருகிப் பெட்டியின் உடல் முழுவதையும் கவர்ந்துகொண்டன, மேல்மூடி மறைந்தது. இங்ஙனம் பிறந்ததே இழுப்பறை அடுக்கு. குனிந்து துழாவிய கையின் வருத்தமே இம்மாறுதலைச் செய்வித்தது எனலாம்.

நம் நாட்டு வீடு

மேற்கூறிய குறையை நம் முன்னோர் நெல்வைப்பில் வேறு வகையால் தீர்த்திருந்தனர். குதிரில் நெல்லை மேலிருந்து கொட்டுவர். அடியிலுள்ள துவாரத்தின் வழியே எடுப்பர். பழைய நெல் அடியிலேயே கிடந்து கெடுதற்கு இடமில்லை. நாஞ்சில் நாட்டிலும் மலையாள நாட்டிலும் பத்தாயம் என்னும் பெரிய மரக்களஞ்சியத்தைத் தச்சர் வீட்டுக்குள்ளேயே அமைத்தனர்.

பிற வைப்பிடங்களும் காரணத்தோடு பிறந்தவையே. விளக்குக்குச் சுவரில் மாடம் விட்டனர். காற்றுக்கு மறைவாகவும் கண்ணுக்கு நேராகவும் அது அமைந்தது. அடுப்பின்மேற் பரண் கட்டினர். புகை படிய, விதையும் மூங்கிலும் பூச்சியரிக்காமல் இருந்தன. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதவாறு உறியிற் பாலும் தயிரும் தொங்கின. கடுகும் சீரகமும் மிளகும் வெந்தயமும் ஒரே மூடியின்கீழ் அஞ்சறைப் பெட்டியில் அடங்கின. தரையில் அமர்ந்து சமைத்த பெண்ணின் வலக்கைப் புறத்தில் அப்பெட்டி இருந்தது. அவள் எழவேண்டியதில்லை, எட்டிப் பிடிக்கவேண்டியதுமில்லை.

சாணும் முழமும் மனிதனது கையினின்று பிறந்த அளவுகள். அவ்வளவுகளைக் கொண்டு செய்த பொருள் கைக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

‘அலமாரி’ என்னும் சொல் தமிழன்று. வாஸ்கோ ட காமா 1498இற் கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியரோடு கடல்வழி வந்த சொற்களுள் அதுவும் ஒன்று. மேசையும் சாவியும் ஜன்னலும் அம்மொழியினின்று வந்தனவே. அலமாரியின் மூலமாகிய லத்தீன் சொல் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடத்தைக் குறித்தது. ‘பீரோ’ பிரெஞ்சு மொழியினது. அங்கே எழுதுமேசையைக் குறித்த சொல் இங்கே ஆடையும் நகையும் வைக்கும் அடைப்புக்கு ஆயிற்று. சொற்கள் வெளியிலிருந்து வந்தன. அவை குறித்த பொருள்களை நம் ஊர்களிற் செய்து கொடுத்த கைகள் நம் தச்சருடையனவே.

பழைய வீடுகளிற் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒன்றரை அடி, இரண்டடி கனத்திற் சுவர் எழுப்பினர். அக்கனத்திற்குள்ளேயே குழிவு விட்டு, பலகைத் தட்டும் இரட்டைக் கதவும் பொருத்துவது எளிதாயிருந்தது. அறையின் இடத்தை அணுவளவும் பிடிக்காமற் சுவரலமாரி அமைந்தது. இன்று கான்கிரீட்டுத் தூண்கள் பாரத்தைத் தாங்குவதால் சுவர் ஒன்பது அங்குலமாகவும் நாலரை அங்குலமாகவும் மெலிந்துவிட்டது. சுவருக்குள் இருந்த அலமாரி வெளியே வந்து அறையின் இடத்தைக் கேட்கின்றது. ஆதலால் அதன் அளவைப் பற்றிய ஆலோசனை முன்னிலும் இன்றியமையாததாயிற்று. இவ்வாலோசனையில் அயல்நாட்டார் கண்ட பயனும் பட்ட துன்பமும் நாம் அறியத்தக்கவை.

படம் வரைந்த தச்சர்

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஓட்லி என்னும் ஊரில் ஒரு மரவேலைக்காரருக்கு மகனாய் 1718இற் பிறந்தவர் தாமஸ் சிப்பன்டேல். இலண்டன் நகரில் தொழில் நடத்திய இவர், 1754இல் தம் வேலைப்பாடுகளின் படங்களைத் தொகுத்து 160 தகடுகள் கொண்ட பெரும்புத்தகமாக வெளியிட்டார். ஒரே நாற்காலியில் இடப்பாதி ஒரு மாதிரியாகவும் வலப்பாதி வேறு மாதிரியாகவும் அவர் வரைந்து காட்டியதுண்டு; வாங்குவோர் தமக்கு உவந்ததைத் தெரிந்துகொள்ளலாம். மரம் அறுக்குமுன்னே பொருளைக் கண்முன் நிறுத்துவதற்குப் படமே வழி என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அவருடைய பட்டறையில் உளிபிடித்தோர் பலர் பெயர் மறைந்தது. படம் வரைந்து அச்சிட்டவர் பெயர் இன்றும் ஒரு பாணிக்கே பெயராய் நிற்கின்றது.

சென்னையிலும் 1850ஆம் ஆண்டு டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் ஒரு சித்திர கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இக்காலத்து அரசு கவின்கலைக் கல்லூரி. கைவினைஞனுக்குச் சித்திரப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிலும் நெடுங்காலத்துக்கு முன்னரே ஊன்றப்பட்டது என்பதற்கு இது சான்று.

ஆனால் சிப்பன்டேலுக்கு அளவு தந்தவர் பிரபுக்கள். அவர்கள் வீட்டுப் பொருள்களை எடுத்து வைத்தவர் வேலைக்காரர். பணம் தருபவரும் பயன்படுத்துபவரும் அங்கே வேறுவேறாயிருந்தனர். அவ்வேறுபாடு இல்லாத ஓரிடத்தில் மரவேலை எவ்வாறு மாறியது என்பதை இனிக் காண்போம்.

முந்நூற்று அறுபத்தொன்பது இழுப்பறைகள்

மான்செஸ்டர் நகரத்துக் கொல்லர் ஒருவரின் மகளாகிய ஆன் லீ என்பவர் தம்மைப் பின்பற்றிய சிலருடன் 1774இல் அமெரிக்கா சென்றார். அவர் வழி நின்ற கூட்டத்தார்க்கு ஷேக்கர் என்று பெயர். அவர்கள் துறவு பூண்டவர்கள். உடைமை எல்லாம் பொதுவாகக் கொண்டவர்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று நடந்தவர்கள். தங்களுக்கு வேண்டிய வீட்டையும் சாமானையும் தாங்களே செய்துகொண்டனர்.

மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஹான்காக் என்னுமிடத்தில் 1830இல் அவர்கள் கட்டிய செங்கல் மாளிகையில் ஏறத்தாழ நூறு பேர் வசித்தனர். அம்மாளிகையிற் சுவரோடு சேர்த்து அமைக்கப்பட்ட இழுப்பறைகள் மாத்திரம் 369. இவ்வளவும் எதற்கு? தனியாக நிற்கும் அலமாரியின் தலைமேலும் முதுகுப்புறத்தும் காலடியிலும் தூசி சேரும். சுவரோடு ஒன்றித் தளமுதல் மேல்வரை செல்லும் அலமாரியில் அதற்கு இடமில்லை. துப்புரவைத் தவமாகக் கொண்ட அவர்கட்கு இது பெரும்பயன் தந்தது. சுவரைச் சுற்றிலும் மரச்சட்டம் ஓட்டி அதில் முளைகளைப் பதித்தனர். தொப்பியும் மேலாடையும் அவற்றிற் தொங்கின. தரை பெருக்கும்பொழுது நாற்காலிகளையும் தூக்கி அவற்றிலேயே மாட்டினர்.

இவ்வேலைப்பாட்டிற் சிற்பம் இல்லை. பூவும் கொடியும் இல்லை. எனினும் உலகத்து மரவேலை நிபுணர்கள் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். செய்தவரும் பயன்படுத்தினவரும் ஒருவரேயாதலின், பிழை நேர்ந்தால் மறுநாளே கண்டு திருத்தினர். அளவு தருபவர் யார் என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லாதிருந்தது.

பிராங்பர்ட்டுச் சமையலறை

துறவிகளின் மாளிகையினின்று தொழிலாளர் குடியிருப்புக்கு வருவோம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீடு கிடைப்பது அரிதாயிற்று. பிராங்பர்ட்டு நகரத்தில் 1925 முதல் 1930 வரை ஏர்ன்ஸ்ட் மே என்னும் சிற்ப சாஸ்திரி நகரசபையின் சார்பிற் பல்லாயிரம் சிறு வீடுகளைக் கட்டுவித்தார். பழைய பெரிய அலமாரிகள் அவ்வீடுகளில் நுழையா. ஆகவே சமையலறையின் வைப்பிடங்களை வீட்டோடு சேர்த்தே அமைத்துக் கொடுப்பதெனத் தீர்மானித்தனர். அவ்வேலை வியன்னா நகரத்து மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் 1897இற் பிறந்தவர். ஆஸ்திரியாவில் அத்தொழிலிற் பயின்ற முதற் பெண்களுள் ஒருவர்.

1926இல் அவர் வகுத்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது. இரயில் வண்டியின் உணவுப்பெட்டியில் சிற்றிடத்திற் பலருக்குச் சமைக்கும் முறையை அவர் ஆராய்ந்தார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் செல்கிறது என்று கணக்கிட்டார். அக்கணக்கின்படி அடுப்பும் தொட்டியும் மேசையும் அலமாரியும் இடம் பெற்றன. காய் நறுக்கும் பலகை ஜன்னலின் கீழ் வெளிச்சத்தில் அமைந்தது. கழிவு விழுதற்கு அதில் ஓர் இழுப்பறை. அரிசி, பருப்பு, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியக் கைப்பெட்டிகள். மாவில் வண்டு விழாதிருக்க அதன் பெட்டி ஓக்கு மரத்தாற் செய்யப்பட்டது. கறையும் கத்திக்கீறலும் தாங்குதற்கு மேற்பலகை பீச்சு மரத்தாலானது. நீலநிறத்தை ஈக்கள் அணுகா என்னும் நம்பிக்கையால் அலமாரிகளுக்கு நீலம் கலந்த பசுமை பூசப்பட்டது. ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளில் இச்சமையலறை அமைந்தது.

அம்மையாரின் வாழ்க்கையும் எளிதாயிருக்கவில்லை. ஹிட்லராட்சியை எதிர்த்து வேலைசெய்தமைக்காக 1941இற் சிறைப்பட்டு, பதினைந்து ஆண்டுத் தண்டனை பெற்று, 1945இல் விடுதலையானார். 2000ஆம் ஆண்டில், நூற்று மூன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னர்க் காலமானார்.

இத்துணை நுட்பமாக அளந்து செய்த சமையலறையில் குடிபுகுந்தோர் சொன்ன குறைகள் கவனிக்கத்தக்கவை. சர்க்கரை என்று எழுதிய பெட்டியிற் சிலர் வேறெதையோ போட்டு வைத்தனர். ஏனெனில் அவர்கள் வீட்டு வழக்கம் வேறு. அப்பெட்டிகள் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. ஒருவர் நின்று வேலைசெய்ய மாத்திரமே அறை போதும். மகளோ மாமியாரோ கூடநின்று உதவ இயலாது. 1970க்குப் பின்னர் இச்சமையலறை பெண்ணைத் தனியே அடைத்து வைத்தது என்றும் பலர் கண்டித்தனர். அதனை வகுக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என்று அம்மையாரே பிற்காலத்திற் சொன்னதுண்டு. காலடிகளை எண்ணுதல் வேறு. வீட்டின் பழக்கத்தை அறிதல் வேறு. முன்னதை அவர் செவ்வனே செய்தார். பின்னது பதினாயிரம் வீட்டுக்கும் ஒரே அளவாய் வகுத்தபொழுது தவறிப்போயிற்று.

நம் காலத்து நிலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை பெருகியது. 32 மில்லிமீட்டருக்கு ஒரு துளையென யந்திரத்தாற் துளையிட்டு, எந்தத் தட்டையும் எந்தக் கீலையும் எந்தப் பெட்டியிலும் பொருத்தும் முறை ஜெர்மனியில் நிலைபெற்றது. அலமாரியின் அடிப்பெட்டி 60 சென்டிமீட்டர் ஆழம் என்பதும் வழக்காயிற்று. இன்று நம் நகரங்களில் ‘மாடுலர் சமையலறை’ என்னும் பெயரால் விற்கப்படுவது இம்முறையே. பிராங்பர்ட்டுச் சமையலறையின் பேரப்பிள்ளை என்று இதனைக் கூறலாம்.

நம் நாட்டிலும் மாறுதல் படிப்படியாக வந்தது. கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டு முதல் எஃகு அலமாரி செய்தனர். மரப்பீரோவின் இடத்தை இரும்புப்பீரோ பிடித்தது. 1965இல் இண்டேன் எரிவாயு இணைப்புக் கல்கத்தாவில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. விறகடுப்பின் முன் அமர்ந்திருந்த பெண் எழுந்து மேடையின் முன் நிற்கலானாள். அமர்ந்த கைக்கு அளவாயிருந்த மாடமும் பரணும் உறியும் பயனற்றுப் போயின. நின்ற கைக்கு அளவெடுத்தவர் யார்? பெரும்பான்மையான வீடுகளில் எவருமில்லை. கொத்தனார் தாம் வழக்கமாய்க் கட்டும் உயரத்தில் மேடை கட்டினார். விற்பனைக்காரர் தம்மிடமுள்ள அளவிற் பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்தினார்.

இதன் விளைவை நாம் எங்கும் காண்கிறோம். பத்துப்படி அரிசி கொள்ளும் பாத்திரம் நுழையாத இழுப்பறை. இட்டலிக் கொப்பரைக்கு உயரம் போதாத தட்டு. நாள்தோறும் தூக்க வேண்டிய மாவரைக்கும் யந்திரத்துக்கு மேடையின் அடிமூலையில் இடம். ஏணியின்றி எட்டாத மேலடுக்கில் மளிகைச் சாமான். நம் சமையலில் நீர் மிகுதியாகப் புழங்கும். தாளிக்கும் ஆவியும் எண்ணெயும் எழும். அத்தகைய இடத்தில் துகட்பலகையைப் பொருத்தினால் அது நீரை உறிஞ்சி உப்பிப் பிளக்கும். கீலின் திருகாணி பிடிப்பிழக்கும்.

தச்சர் கடமை, இல்லத்தார் கடமை

யந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. நேராக அறுப்பதிலும் விரைவிலும் கை அதனோடு போட்டியிட முடியாது. ஆனால் பதினாயிரம் வீட்டுக்கும் ஒரே அளவு சொல்வது யந்திரசாலையின் இயல்பு. இவ்வீட்டுக்கு இன்ன அளவென்று சொல்வது வீட்டுக்கு வந்து பார்க்கும் தச்சர்க்கே இயலும். நம் தொழில் இனி நிலைபெறுமாயின் இவ்வொன்றினாலேயே நிலைபெறும். ஆதலின் நம் இளைஞர்களுக்குச் சில வார்த்தை கூறுதல் தகும்.

முதலாவது, அளவு எடுக்குமுன் பார்த்தல் வேண்டும். ஒரு வேளைச் சமையல் தொடக்கமுதல் முடிவுவரை எவ்வாறு நடக்கிறது என்பதைக் கவனித்து, எந்தப் பொருள் எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுதல் நன்று. உள்ள பாத்திரங்களுட் பெரியவற்றையும் உயர்ந்தவற்றையும் அளந்த பின்னரே தட்டுகளின் இடைவெளியைத் தீர்மானித்தல் முறை.

இரண்டாவது, மேடையின் உயரத்தை வேலைசெய்பவரின் முழங்கையைக் கொண்டு அறிதல் வேண்டும். கையை மடக்கி நிற்கும்பொழுது முழங்கையினின்று நான்கைந்து அங்குலம் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் பொருந்தும். கனமானவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் இருத்தல் நலம். எப்பொழுதேனும் வேண்டுபவற்றையே மேலடுக்கில் வைக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டிற் கத்தியும் மருந்தும் அவர்கள் கைக்கு எட்டலாகா.

மூன்றாவது, நீர்படும் இடத்துக்குரிய பலகையைத் துணிந்து எடுத்துரைத்தல் வேண்டும். ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரக்குறி நீர் தாங்கும் ஒட்டுப்பலகைக்கு உரியது. தொட்டியின் அடியில் அதனை இடுவதால் வரும் செலவு, ஐந்தாண்டிற் பிரித்தெறியும் செலவினும் குறைவே.

நான்காவது, படம் வரையப் பழகுதல் வேண்டும். தாளிலாயினும் கணிப்பொறியிலாயினும் வரைந்து காட்டத் தெரியாத தச்சரை இக்காலத்தார் கூலியாளாகவே எண்ணுவர். சிப்பன்டேல் பெற்ற பெயருக்கு அவர் வரைந்த 160 தகடுகளே காரணம் என்பதை மறத்தலாகாது.

இல்லத்தார்க்கும் ஒரு வார்த்தை. தச்சரை அழைத்துப் பேசுபவர் வீட்டுத் தலைவராயும், செய்த அலமாரியை நாற்பது ஆண்டு திறந்து மூடுபவர் தலைவியாயும் இருக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாய் உள்ளது. விலை பேசும்பொழுது அவர் இருக்கலாம். அளவு பேசும்பொழுது அம்மையார் இருத்தல் வேண்டும். ஆண்களும் சமைக்கும் வீடாயின் அவர்களும் இருக்கட்டும். முதியோர் உள்ள வீட்டில் அவர்களால் எவ்வளவு குனியவும் நிமிரவும் இயலும் என்பதையும் கேட்டல் வேண்டும்.

ஷேக்கர் மாளிகையிற் செய்தவரும் புழங்கியவரும் ஒருவராயிருந்தமையால் வேலை சிறந்தது. நம் வீடுகளில் அவர் இருவராகவே இருப்பர். அவ்விருவரும் முகம்பார்த்துப் பேசி, படத்தைப் பார்த்துத் திருத்தி, பின்னர் மரத்தில் உளி வைப்பார்களாயின் அப்பயன் நமக்கும் கைகூடும். பேசாத இடத்தில் விலையுயர்ந்த தேக்கும் வீணே. நம் இளைஞர் முழக்கோலை எடுக்குமுன் காதைக் கொடுக்கப் பழகுவாராக.